ஜொஹரா கற்ற பிடி

கமாலுதீனைக் கயிற்றால் கட்டலாம் என்று முதலில் சொன்னது யார் என்று பிற்பாடு கேட்டால், அந்த வீட்டில் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். அண்ணன் அப்துல் நாசர், உம்மா சொல்லித்தான் கட்டினேன் என்றார். உம்மா ரபியா, தெருக்காரர்கள் சொன்னார்கள் என்றாள். கட்டியது என்னவோ நாசர்தான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்புறச் சந்தில் அவர்களுடைய ஒடுங்கலான வீடு. கூடத்தில் கூரையைத் தாங்கி நின்ற மரத்தூணில், மூட்டை கட்டுகிற தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினார். நார்க்கயிறு தோலை விட்டுவைக்காது. அவிழ்த்த பிறகு புருஷனின் மணிக்கட்டுகளில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தடவுவது ஜொஹரா பீவியின் வேலை. பழைய புண் பொருக்குக் கட்டுவதற்குள் புதுப்புண் வந்துவிடும்.

கமாலுதீன் முன்பு அப்படி இருந்தவன் இல்லை. மிளகும் சுக்கும் கப்பலேற்றுகிற ஒரு பண்டகசாலையில் மூட்டைகளுக்கு மார்க் போடுகிறவன். தகரத்தில் வெட்டிய எழுத்துகளைச் சாக்கின்மேல் வைத்து, கறுப்புச் சாயத்தில் தோய்த்த பிரஷால் ஓர் இழுப்பு இழுப்பான். எந்தத் துறைமுகத்துக்குப் போகிற மூட்டை என்று பளிச்சென்று வந்து நிற்கும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் அவன் போட்ட எழுத்தில் ஒரு கசிவு காண முடியாது. அந்தச் சாயம் நகக்கண்களில் எப்போதும் இருக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று அவனே ஜொஹராவிடம் வெட்கப்பட்டுச் சொல்லியிருக்கிறான்.

முதலில் தூக்கம் போயிற்று. பிறகு, தான் போட்ட மார்க்கைத் தான் வீட்டுக்கு வந்த பிறகு யாரோ மாற்றிவிடுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். மூட்டைகள் தப்பான ஊருக்குப் போகின்றன, அங்கே ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள், பழி தன் தலையில் விழும் என்றான். அதைத் தடுக்கப் படகுத்துறைக்கு ஓடுவான். பிடித்து இழுத்து வந்தால் தூணில் தலையை மோதிக்கொள்வான். ஓதி ஊதின தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். நாலு நாள் தேவலை என்று இருக்கும். அடுத்து, முன்னைவிட மோசமாக வரும்.

ஜொஹராவின் தம்பி முனீர் காயலுக்கு அக்கரையில் ஐலண்டில் நேவிக்காரர்களின் மெஸ்ஸில் பாத்திரம் கழுவினான். சீனாக்காரனோடு சண்டை வந்துபோன சமயம் அது. சிப்பாய்களுக்குக் கைச்சண்டை பழக்க ஒரு சர்தார்ஜி வந்திருந்தார். ஜூடோ என்று அதற்குப் பெயர். தூக்கிப் போட்டுப் பழகுவதற்கு ஆள் குறைந்தால் மெஸ்ஸிலிருந்து முனீரைக் கூப்பிடுவார்கள். அவன் ஒல்லி, ஆனால் விழுந்தால் எழுந்துவிடுகிற உடம்பு. இப்படி மாதக்கணக்கில் விழுந்தும் அமுங்கியும் அவனுக்கும் கொஞ்சம் வித்தை பிடிபட்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவைப் பார்க்க வந்தவன் மச்சானின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டான். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கிளம்பும்போது அடுக்களை வாசலில் நின்று, அங்கே தன்னைவிடச் சின்ன ஒரு சிப்பாய் தன்னைக் கீழே போட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து பிடித்தால் அரை அங்குலம் அசைய முடியாது என்றும், ஆனால் எழுந்து பார்த்தால் உடம்பில் ஒரு கீறல் இருக்காது என்றும் சொன்னான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான். ஜொஹரா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அதை எனக்குப் படிப்பிச்சுத் தா."

முனீர் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நாசர் மச்சானுக்குச் சொல்லித் தரேன்கா. பொம்பளை செய்யற காரியமா இது?"

"அவர் கையில கயிறுதான் வரும். எனக்குச் சொல்லித் தா."

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து மாமியார் கண்ணயர்கிற நேரம்தான் வசதிப்பட்டது. பின்னறையில் பழைய சாக்குகளைப் பரப்பி, மேலே பாய் போட்டார்கள். முனீர் மல்லாந்து படுத்தான். ஜொஹரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். கூடப் பிறந்தவன்தான், அவளே இடுப்பில் தூக்கி வளர்த்தவன்தான். இருந்தாலும் மீசை முளைத்த ஆண்பிள்ளையின் நெஞ்சின்மேல் எப்படிச் சாய்வது என்று அவளுக்குக் கூசியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார், பிடியை மட்டும் ஒழுங்காகப் பிடி என்றான்.

வலப்பக்கமாக உட்கார வேண்டும். இடுப்பு அவன் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். வலக்கை அவன் கழுத்துக்கு அடியில் போய்த் தோளை வளைக்க வேண்டும். அவனுடைய வலக்கையை இழுத்துத் தன் இடது அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். கால்கள் இரண்டும் திறந்த கத்தரிக்கோல் மாதிரி அகன்றிருக்க வேண்டும். தலை தாழ்ந்து அவன் தலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தோளில் துண்டு போடுவது போலக் குறுக்கே கிடப்பதால் ஜப்பான்காரர்கள் அப்படி ஒரு பேர் வைத்திருப்பதாக சர்தார்ஜி சொன்னாராம். கேட்க இவ்வளவுதான். ஜொஹரா பிடித்ததும் முனீர் இடுப்பை எக்கி ஒரு புரட்டுப் புரட்டினான். அவள் அவனைத் தாண்டி உருண்டு போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள்.

"மேலே ஏறி உக்காராதேக்கா. ஏறினா தூக்கிப் போட்டுடுவார். பக்கத்துல இரு, தாழ இரு."

மறுபடி பிடித்தாள். மறுபடி உருண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கை நரம்பு புடைக்க இறுக்கினாள். இறுக்க இறுக்க அவன் சுலபமாக நழுவினான்.

"கையால பிடிக்காதே. கைப்பலம் எத்தனை நேரம் நிக்கும்? உன் கனம் முழுக்க அவர் விலாவுல இறங்கணும். மூட்டையை இறக்கி வெச்சா மூட்டை பலம் பிடிக்குதா என்ன? சும்மா கெடக்குது. அப்படிக் கெட."

அதுதான் அவளுக்கு வரவில்லை. எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் அவள் இத்தனை நாள் வாழ்ந்திருக்கிறாள். சும்மா கிடப்பது எப்படியென்று உடம்புக்குத் தெரியவில்லை. அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் முனீர் வந்தான். அவள் விலாவெல்லாம் கன்றிப்போயிற்று. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். கழுத்தில் அழுத்தம் விழக்கூடாது, மூச்சு முட்டிவிடும் என்பதை அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் மூச்சு விடும்போது இவள் தாழ வேண்டும், இழுக்கும்போது இடம் விட வேண்டும். ஒருநாள் மூச்சை மட்டுமே கேட்டுக்கொண்டு கிடந்தாள். முனீர் எக்கினான், இடுப்பைத் திருப்பினான், காலை உதைத்தான். அவள் அசையவில்லை. தான் எதையும் செய்யாமலே அவன் கிடப்பதைக் கண்டு அவளுக்கே பயமாயிற்று.

அன்று முனீர் அவளைக் கீழே படுக்கச் சொன்னான். பிடிக்கிறவள் பிடிபட்டும் பார்க்க வேண்டும் என்றான். அவன் சாய்ந்து கனத்தை இறக்கிய மாத்திரத்தில் அவளுக்குக் கப்ரில் வைத்து மண்ணைத் தள்ளுவது போல இருந்தது. குரல் எழும்பவில்லை. முனீர் காதருகில், "தட்டு, முதுகுல தட்டு" என்றான். அவள் விரல்களால் இரண்டு தட்டுத் தட்டினாள். அந்த நொடியே அவன் எழுந்துவிட்டான்.

"அங்க சட்டம் அது. தட்டினா விடணும். எவ்வளவு பெரிய ஆளானாலும் விடணும். அதனாலதான் ஒவ்வொருத்தனும் பேடிக்காம, பயப்படாம கீழே படுக்கறான்."

ஜொஹரா எழுந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மச்சானும் இதைத்தானே உணர்வார் என்று கேட்டாள். கயிற்றைவிட மேல் என்று முனீர் சொன்னான்.

அடுத்த வாரமே வேளை வந்தது. காலை ஆகாரம் ஆகிக்கொண்டிருந்தபோது கமாலுதீன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து தூணுக்குப் போனான். முதல் மோதலிலேயே நெற்றி உடைந்தது. நாசர் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். ஜொஹரா அவருக்கு முன்னால் போய்ப் புருஷனின் இடுப்பைக் கட்டிக் கீழே சாய்த்தாள். சாய்த்தாள் என்பதைவிட, அவனோடு சேர்ந்து விழுந்தாள் என்பதே சரி. விழுந்த இடத்திலேயே கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்து, காலை விரித்து, தலையைத் தாழ்த்தினாள். அவன் கத்தினான், எக்கினான். முனீரைப்போல இரண்டு மடங்கு பலம். அவள் மூட்டையாகக் கிடந்தாள். அவன் நெற்றி இரத்தம் அவள் கன்னத்தில் ஒட்டியது. நாசர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

ரபியா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். கெட்டிய புருஷனின் நெஞ்சில் ஏறுகிற பெண்ணை எந்த ஊரிலும் கண்டதில்லை, இந்தப் பாவம் ஏழு தலைமுறைக்குப் போகும் என்று புலம்பினாள். ஜொஹராவுக்கு அது எங்கோ தெருவில் கேட்பது போல இருந்தது. புருஷனின் மூச்சு மட்டும் காதுக்குள் கேட்டது. அது மெள்ளத் தணிந்தது. பிறகு அவன் பேச ஆரம்பித்தான். அவளிடம் என்றில்லை, ஆனால் அவள் காதுக்குள்தான். மூட்டைகளின் மார்க்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். எது எந்த ஊருக்குப் போக வேண்டியது, எங்கே போய்விட்டது என்று சொன்னான். சொல்லிச் சொல்லித் தேய்ந்து, கடைசியில் குழந்தை மாதிரித் தூங்கிப்போனான். அவன் தூங்கிய பிறகும் அவள் எழவில்லை. எழுந்தால் விழித்துவிடுவானோ என்ற பயம் பாதி. அவன் இவ்வளவு பக்கத்தில் வந்து எத்தனையோ காலமாயிற்று என்பது மீதி.

கயிறு பரணுக்குப் போயிற்று. ஆனால் நோய் போகவில்லை. வாரத்தில் இரண்டு முறை வந்தது மூன்றாயிற்று. அவள் பிடித்துக் கிடக்க வேண்டிய நேரமும் நீண்டது. சோறு குழையும், பால் பொங்கி அடுப்பு அணையும், அவள் கிடப்பாள். சந்தில் அவளுக்கு மல்லுக்காரி என்று பெயர் விழுந்தது. குழாயடியில் பெண்கள் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். பக்கத்து வீட்டு லோகாம்பாள் மட்டும் பேசுவாள்; அவளும் பேச்சோடு பேச்சாக, உங்க வீட்டுக்காரர் நல்ல நாளில் உங்களை என்னதான் சொல்வார் என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நல்ல நாட்களும் இருந்தன. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் கமாலுதீன் தானாகவே கேட்டான். தன்னை அவள் என்ன செய்கிறாள் என்று அவனுக்கு நினைவில்லை. விலா வலிப்பது மட்டும் தெரிந்தது. காட்டு என்றான். அவள் மறுத்தாள். அவன் பாயில் படுத்துக்கொண்டு, தெளிந்த கண்ணோடு அவளையே பார்த்தான். அவள் பிடித்துக் காட்டினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. தட்டினால் விடுவதுதான் சட்டம் என்று நேவிக்காரர்கள் கதையைச் சொன்னாள்.

"நான் தட்டினா நீ விடுவியா?"

"விடுவேன்."

"கிறுக்குல தட்டினாலும்?"

"தட்டத் தெரிஞ்சா அப்புறம் என்ன கிறுக்கு? விடுவேன் மச்சான்."

அவள் நினைத்ததற்கு மாறாக அது அவன் மனதில் பதிந்துவிட்டது. மற்றதெல்லாம் கலைந்துபோன நேரத்திலும் அது ஒன்று கலையாமல் இருந்தது. நோய் இறங்குகிறபோது, அவன் விரல்கள் அவள் முதுகைத் தேடி வந்து இரண்டு முறை தட்டும். அவள் எழுந்துவிடுவாள். அவன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு சாயா கேட்பான். ஒரு தடவைகூட அவன் பொய்யாகத் தட்டியதில்லை. தட்டி விடுபட்டு ஓடியதில்லை. தலை முழுக்கப் பொய்யான பயங்களைச் சுமந்துகொண்டிருந்த மனுஷன், அவள் முதுகில் மட்டும் உண்மையைத் தட்டினான். ஊரில் எந்தப் பெண்ணுக்குப் புருஷன் இவ்வளவு நாணயமாக இருக்கிறான் என்று ஜொஹரா நினைத்துக்கொள்வாள். நினைத்துவிட்டு அழுவாள்.

அந்த மழைக்காலத்தில் நல்ல நாட்கள் சேர்ந்தாற்போல் வந்தன. அவன் பண்டகசாலைக்குக்கூடச் சில நாள் போனான். மழை விட்டபோது, ஜொஹரா தனக்கு நாள் தள்ளிப்போயிருப்பதைக் கண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை. மழையோடு நல்ல நாட்களும் போயின.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் பிடி கெட்டது. தாழக் கிடக்க முடியவில்லை. கனத்தை விலாவில் இறக்கும்போது, அவனுடைய விடுபட்ட கையும் முட்டியும் எங்கே வந்து விழும் என்ற நினைப்பிலேயே உடம்பு எழும்பிக்கொண்டது. எழும்பினால் புரட்டுவார் என்று முனீர் சொன்னது பலித்தது. ஒரு பிற்பகல் கமாலுதீன் எக்கிய எக்கில் அவள் அவனைத் தாண்டிப் போய், அடுக்களைப் படியின் விளிம்பில் விழுந்தாள். அன்று மாலை கொஞ்சம் உதிரம் கண்டது. மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை இருக்கிறது, இனிமேல் படுத்துத்தான் கிடக்க வேண்டும் என்றாள். மாமியாருக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவள் ஜொஹராவின் தலைமாட்டில் உட்கார்ந்து கூந்தலைக் கோதிவிட்டாள். திட்டவில்லை. அதுவே ஜொஹராவுக்குக் கிலியாக இருந்தது.

அக்காவுக்குப் பதில் தான் பிடிப்பதாக முனீர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தான். பிடியெல்லாம் அவள் பிடித்ததைவிடச் சுத்தம். ஆனால் கமாலுதீன் தணியவில்லை. எக்கிக்கொண்டே இருந்தான், கடித்தான், தலையைத் தரையில் அடித்துக்கொண்டான். தட்டவே இல்லை. நெடுநேரம் கழித்து ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கமாலுதீனின் விலா எலும்பு. முனீர் எழுந்து கூடத்து மூலையில் போய் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பிடிச்சா அவருக்கு அது சண்டைக்கா," என்றான். "நீ பிடிச்சா வேற என்னமோ. அதை எனக்குச் சொல்லித் தர ஆளில்லை."

கயிறு பரணிலிருந்து இறங்கியது.

நாசர் கெட்டவர் இல்லை. தம்பியைக் கட்டிய நாட்களில் அவரும் சாப்பிட்டதில்லை. அவர் திருச்சூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியைப் பற்றி விசாரித்துவிட்டு வந்து, ஜொஹராவின் படுக்கைக்கு எதிரே நின்றுகொண்டு, தம்பியை அங்கே அனுப்பிவிடலாம் என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிள்ளை பிறக்கிற மட்டும் பொறுக்கலாம், அதற்குப் பிறகு தான் பார்த்துக்கொள்வதாக ஜொஹரா சொன்னாள். பிள்ளை பிறந்த பிறகு என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். பிள்ளையை எங்கே வைத்துவிட்டு அவன்மேல் போய் விழுவாய்? அவளிடம் இருந்த ஒரே பதில், பிள்ளை இல்லாமலிருந்தால் என்பதுதான். அந்த நினைப்பு வந்ததற்காக அன்றைக்கு அவளால் தொழக்கூட முடியவில்லை.

ஜீப் ஒரு முற்பகலில் வந்தது. இரண்டு ஆட்களும், ஊசி போடுகிற ராசப்பன் என்பவரும் இறங்கினார்கள். ஜீப் சத்தம் கேட்டோ என்னவோ, கமாலுதீன் கட்டை எப்படியோ அறுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான். மூட்டையைக் குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கி அவன் கையில் இருந்தது. கிணற்றுச் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றான். கிட்டே போன ஆளின் சட்டை தோள்வரை கிழிந்தது. சந்து முழுக்க ஜனம் கூடிவிட்டது. போலீசைக் கூப்பிடுங்கள் என்றது ஒரு குரல். கல்லால் அடித்துக் கையைத் தளர வை என்றது இன்னொரு குரல். யாரோ கல்லும் பொறுக்கினார்கள்.

ஜொஹரா படுக்கையிலிருந்து எழுந்து வந்தாள். முனீர் குறுக்கே நின்றான். அவள் அவனை விலக்கவில்லை, பார்த்தாள். அவன் தானே விலகினான்.

அவள் அருகில் போகப்போக, கமாலுதீன் கொக்கியைத் தாழ்த்தினான். அவள் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டான். அவள் அதைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, அவன் தோளைத் தொட்டாள். அவன் தானாகவே மண்ணில் படுத்தான். அவன் தன்னைத் தரவேண்டும், அவள் பிடிக்க வேண்டும் என்று வழக்கமாகிவிட்ட மாதிரி படுத்தான். முறிந்த விலா எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு வலிக்காமல் மறுபக்கம் உட்கார்ந்து, வயிற்றை ஒதுக்கிக்கொண்டு, கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள். தலையைத் தாழ்த்தினாள். தலையில் எண்ணெயும் வேர்வையும் மணந்தன.

அவன் எக்கவே இல்லை. மார்க்குகளைச் சொல்ல ஆரம்பித்தான். இரண்டு மூன்று சொல்வதற்குள் நின்றுவிட்டான். மூச்சு தணிந்தது. அவள் பிடித்ததிலேயே அவ்வளவு சீக்கிரம் தணிந்தது அன்றுதான். அவன் விரல்கள் அவள் முதுகுக்கு வந்தன. இரண்டு முறை தட்டின.

பின்னால் காலடிகள் நெருங்கிக்கொண்டிருந்தன.

"விடண்டா பெங்ஙளே," என்று ராசப்பன் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஒரு நிமிஷம் மதி. விடண்டா." ஒரு நிமிஷம் போதும், பிடியை விட வேண்டாம் என்றுதான் அவர் கெஞ்சினார்.

அவள் விடவில்லை.

அவன் மறுபடி தட்டினான். அவளுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தவனைப் போலச் சற்றுப் பலமாகத் தட்டினான். அதற்குப் பிறகு, "ஜொஹரா, நான்தான் தட்டறேன்" என்றான். குரல் முழுக்கத் தெளிவாக இருந்தது. நோயின் ஒரு சுவடும் அதில் இல்லை. அவள் தன் கனம் முழுவதையும் அவன்மேல் இறக்கினாள். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். ஊசி ஏறியதை அவள் அவன் உடம்பின் ஒரு துடிப்பில் அறிந்தாள். தட்டு தளர்ந்தது, தடவலாயிற்று, கை மண்ணில் விழுந்தது. எழுந்திருங்கள் என்று அவர்கள் சொன்ன பிறகும் அவளால் எழ முடியவில்லை. முனீரும் நாசரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் எழுப்பினார்கள். நாசர் தேம்பித் தேம்பி அழுதார். சந்தில் நின்றவர்கள் வழி விட்டார்கள். நல்ல காரியம் செய்தாய் என்று யாரோ ஒரு பெண் அவள் தோளைத் தொட்டாள். ஜொஹரா அந்தக் கையை எடுத்து அப்பால் விட்டாள்.

பெண்குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கொஞ்ச காலம் யாரும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நாசர் இரண்டு முறை போய்வந்து, தடித்திருக்கிறான், ஒழுங்காகச் சாப்பிடுகிறான் என்றார். குழந்தைக்குத் தலை நின்ற பிறகு ஜொஹராவும் முனீரும் ரயிலேறிப் போனார்கள்.

மரத்தடியில் ஒரு பெஞ்சில் கமாலுதீனை உட்கார வைத்திருந்தார்கள். மொட்டையடித்திருந்தது. மருந்தில் முகம் உப்பியிருந்தது. நகக்கண்களில் சாயம் அறவே இல்லை. முனீரை அடையாளம் கண்டு, பண்டகசாலை நடக்கிறதா, சுக்கு என்ன விலை போகிறது என்று விசாரித்தான். ஜொஹராவைப் பார்த்து மரியாதையாகத் தலையை அசைத்தான். பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். குழந்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, யாருடையது என்று கேட்டான்.

"என் பொண்ணு," என்றாள் ஜொஹரா.

"நல்லா இருக்கு. எனக்கும் கல்யாணம் ஆச்சு. பொண்டாட்டி மௌத்தாயிட்டா."

முனீர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜொஹரா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவங்க எப்படிப்பட்டவங்க என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"நல்லவ," என்றான் கமாலுதீன். "சொன்னா சொன்னபடி செய்வா. அவ இருந்திருந்தா என்னை இங்க விட்டிருக்க மாட்டா."

குழந்தையின் காலை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மணியடித்து உள்ளே கூப்பிட்டதும் சொன்ன பேச்சுக் கேட்கிற பள்ளிக்கூடத்துப் பையனைப் போல எழுந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

ரயிலில் முனீர் அவளோடு பேச முயன்றான். அந்தப் பிடியைத் தான் சொல்லிக் கொடுத்திருக்கவே கூடாது என்றான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, குழந்தைக்கு வெயில் படுகிறது, அந்தப் பலகையை இறக்கு என்றாள்.

வாசலில் ரபியா காத்திருந்தாள். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள்.

"நல்லா இருக்கார் மாமி. உடம்பு தேறியிருக்கு."

"என்னைக் கேட்டானா?"

"கேட்டார்."

"உன்னை?"

ஜொஹரா குழந்தையை மாமியாரின் மடியில் கிடத்தினாள். ஈரத்துணிகளை மூட்டையிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.